அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்கள்

மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்குப் பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஃபாரம் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தான். மூடியைக் கையில் பிடித்தபடியே கேட்டான். கேட்டு முடித்ததும் டப்பாவை மூடிவிட்டான்.

பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பேர் வேறு. மூன்றே பேர் வேலை பார்க்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் பதினோரு வருஷமாக இணையப் படிவங்களாகவே எழுதித் தள்ளியதில், 'ஃபாரம்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். ஆஸ்பத்திரி டோக்கன் ஃபாரம், தண்ணீர் இணைப்பு ஃபாரம், நூலக உறுப்பினர் ஃபாரம். பொண்டாட்டிக்குக் காதல் கடிதம் எழுதினால்கூட, நட்சத்திரக் குறியிட்ட இடங்களைக் கட்டாயம் நிரப்பவும் என்று எழுதியிருப்பான் என்பது ஆபீஸில் பழைய கிண்டல். இரண்டு மாதமாக அந்தக் கிண்டலை யாரும் செய்வதில்லை. மனைவியும் ஏழு வயது மகளும் தனி வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

போனில் பேசியவர் பள்ளிக்கூட கிளார்க்கம்மா.

"சார், உங்க சிஸ்டம் எங்களை நல்லா மாட்டிவிட்டுடுச்சு. ஒரு அம்மா ஆபீஸ்ல வந்து உட்கார்ந்து அழுதுட்டிருக்காங்க. போன வாரமே கொழுந்தன் பேரை லிஸ்ட்டுலேர்ந்து எடுத்துட்டாங்களாம். நேத்து அந்த ஆள் கேட்டுக்கு வந்து பையனைக் கூப்பிட்டிருக்கார். போன் நம்பரைத் தட்டினா டேப்லெட்ல பச்சை காட்டுது. கேட்டுல நிக்கற கேட்டக்கா என்ன பண்ணும், அனுப்பப் போயிடுச்சு. பையன் போகமாட்டேன்னு அழுததால கிளாஸ் டீச்சர் ஓடிப்போய்த் தடுத்தாங்க."

"அவங்க சேவ் பண்ணாம விட்டிருப்பாங்க."

"பண்ணியிருக்காங்க சார். பதிவு செய்யப்பட்டது நன்றின்னு உங்க சிஸ்டம் சொன்னதை போட்டோவே பிடிச்சு வச்சிருக்காங்க. அந்த ஆள் இன்னைக்கும் வருவாராம். மூணரைக்கு ஸ்கூல் விட்டுடும். நான் என்ன பதில் சொல்ல?"

"கால் மணி நேரம் கொடுங்க," என்றான் ஃபாரம். ஆனால் கால் நிமிஷத்திலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அந்தப் படிவத்தைச் செய்தவன் அவன்தான். ஒரு மாணவருக்கு ஒரு பதிவு. அதன் கீழே 'அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்கள்' என்று ஒரு பகுதி. அம்மா, அப்பா, சித்தி, வேன் டிரைவர் என்று எத்தனை பேரை வேண்டுமானாலும் வரிவரியாகச் சேர்க்கலாம். தாய்க்கோழி நடந்தால் குஞ்சுகளும் பின்னாலேயே போகிற மாதிரி, மாணவர் பதிவைச் சேமித்தால் அதைச் சார்ந்த பேர்களும் கூடவே சேமிக்கப்பட்டுவிடும். அவன் பயன்படுத்தும் பிஎச்பி ஃபிரேம்வொர்க் என்ற ஆயத்த நிரல் அதைப் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு வரிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் எண் ஒளிந்திருக்கும். எண்ணோடு வந்தால் பழைய ஆள், திருத்து. எண் இல்லாமல் வந்தால் புது ஆள், சேர்.

சரி, வராமலே போன வரியை என்ன செய்வது? ஏற்கனவே இருந்த நாலு பேரில் மூன்று பேர் மட்டும் திரும்பி வந்தால், நாலாவது ஆளின் கதி என்ன? அது ஒரே ஒரு வார்த்தையில் அடங்கியிருந்தது. 'ரீப்ளேஸ்' என்று எழுதி வைத்தால், வராத ஆளை அழித்துவிடும். 'அப்பெண்ட்' என்று எழுதி வைத்தால், வந்ததை மட்டும் வாங்கிக்கொண்டு வராத ஆளை இருந்த இடத்திலேயே விட்டுவிடும்.

ஃபாரம் முதலில் எழுதியது ரீப்ளேஸ்தான். பதினான்கு நாளைக்கு முன்பு, ஒரு புதன்கிழமை, அது காலை வாரிவிட்டது. போனில் படிவத்தைத் திறந்த பெற்றோர்களுக்குக் கீழ்ப்பகுதி மெதுவாக வந்து சேர்ந்தது. அது வருவதற்குள் பலர் வீட்டு முகவரியை மட்டும் மாற்றிவிட்டுச் சேமித்துவிட்டார்கள். பேர்ப் பட்டியல் வெறுமையாகப் போனது. ஃபிரேம்வொர்க்கும் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக எல்லாரையும் அழித்துவிட்டது. நாற்பத்து மூன்று குழந்தைகளின் அம்மா அப்பாக்களுக்கே கேட்டில் சிவப்பு. தெருமுனை வரைக்கும் சண்டை.

அன்றைக்கு அவன் அவசரத்தில் அந்த ஒரு வார்த்தையைத்தான் மாற்றினான். ரீப்ளேஸ் போய் அப்பெண்ட் வந்தது. அதற்கப்புறம் ஒரு பேரும் காணாமல் போகவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஆனால் வேண்டுமென்றே ஒரு பேரை எடுப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. அவர்கள் நீக்கு பொத்தானை அழுத்துவார்கள். வரி திரையிலிருந்து மறையும். சேமித்ததும் நன்றி வரும். உள்ளே அந்தப் பேர் சிலை மாதிரி அப்படியே நிற்கும்.

"மேடம்," என்று கூப்பிட்டான்.

கம்பெனியின் சொந்தக்காரி மேடம், தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி வந்தார். டெஸ்டர் பெண்ணும் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஆபீஸில் பட்டப்பேர் 'சோதனை'. பேருக்கு ஏற்ற பெண் என்று மேடமே சொல்வார்.

ஃபாரம் விஷயத்தைச் சொன்னான். கீழ்மாடி அச்சகத்தின் இயந்திரம் தரை அதிர ஓடிக்கொண்டிருந்தது.

"நீக்கிட்டு சேவ் பண்ணிப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லண்ணா," என்றாள் சோதனை. "பேர் போகுதா போகுதான்னே பாத்துட்டிருந்தேன். போகாம இருக்கறது தப்பா இருக்கும்னு நினைக்கல."

"உன் தப்பு இல்லம்மா. எழுதினவன் நான்."

"யார் தப்புன்னு சாயங்காலம் பேசலாம்," என்றார் மேடம். "பதினாலு நாள்ல எத்தனை பேரை இப்படி எடுத்திருக்காங்க? தெரிஞ்சுக்க வழி இருக்கா தம்பி?"

வழி இருந்தது. வந்து சேர்ந்த ஒவ்வொரு படிவத்தின் நகலும் பதிவேட்டில் இருந்தது. படிவத்தில் வந்த வரிகளையும் உள்ளே இருக்கும் வரிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சின்ன நிரல் ஒன்றை ஃபாரம் இருபது நிமிஷத்தில் எழுதினான். இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்களில் பத்தொன்பதில் வரி குறைந்தது. அதில் எட்டில் ஒரு பேர்கூட வரவில்லை. அது போன் மெதுவாக இருந்த கோளாறு. மீதிப் பதினொன்றில் மற்ற பேர்கள் வந்திருந்தன. ஒருவர் பேர் மட்டும் இல்லை.

சோதனை பட்டியலை உரக்கப் படித்தாள். "ஒண்ணு, மாமா. ரெண்டு, பழைய வேன் டிரைவர். மூணு, நம்ம கொழுந்தன். நாலு, டியூஷன் மாஸ்டர். காரணம்னு ஒரு கட்டம் வச்சோமே, அதுல அந்த அம்மா எழுதியிருக்காங்க பாருங்க. 'இவர் வந்தால் தயவுசெய்து எனக்கு உடனே போன் செய்யவும், எந்த நேரமானாலும்.'" அவள் குரல் இறங்கியது. "அஞ்சு, அத்தை. ஆறு, பக்கத்து வீடு. ஏழு... அப்பாவாம். பாவம், அப்பன் பேரையே எடுத்திருக்காங்க."

ஃபாரம் திரையைப் பார்த்தான். ஏழாவது வரியில் ஒரு கைபேசி எண் இருந்தது. அது அவன் சட்டைப் பையில் இருந்த போனின் எண்.

இரண்டு தடவை படித்தான். தன் எண்ணைத் தானே படிப்பது இத்தனை கஷ்டமாக இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

சோதனை எட்டு, ஒன்பது என்று போய்க்கொண்டிருந்தாள். அவள் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவன் மகள் படிப்பது அந்தப் பள்ளிக்கூடம் என்பது மேடத்துக்கு மட்டும் தெரியும். மேடம் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் நின்றிருந்தார்.

போன வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு வந்த படிவம் அது. ஃபாரம் அதன் நகலைத் தனியாகத் திறந்தான். கம்ப்யூட்டர் கணக்குப்படி வரிகள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பூஜ்யம், அம்மா. இரண்டு, சித்தி. மூன்று, வேன். ஒன்று இல்லை. மெதுவான போனாக இருக்கலாமே என்று மனசு ஒரு நிமிஷம் ஓடியது. போன் மெதுவாக இருந்தால் நாலும் போயிருக்க வேண்டும். நடுவில் இருந்த ஒரே ஒரு வரியைப் பார்த்து எடுப்பதற்கு விரல் வேண்டும்.

காரணம் என்ற கட்டத்தில் மனைவி எழுதியிருந்தாள்: 'வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவதில்லை. பிள்ளை கேட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.'

வாரத்தில் அவனுக்கு மகளோடு இருந்தது புதன்கிழமை ஒன்றுதான். மூன்றரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய், ஏழு மணிக்கு அவள் அம்மா வீட்டில் விட வேண்டும். மூன்றரை மணி நேரம். இன்றைக்குப் புதன்கிழமை. அலமாரியில் அவளுக்காக வாங்கிய சாயப் பென்சில் பெட்டி இருந்தது.

"தம்பி, இப்படிப் பண்ணுங்க," என்றார் மேடம். "அந்தக் கொழுந்தன் பேரை மட்டும் இப்பவே கையால எடுத்துடுங்க. அவசரம் அதுதான். மத்ததை நாளைக்கு நிதானமா சரிபண்ணி, டெஸ்ட் பண்ணிப் போடலாம். போன தடவை அவசரப்பட்டுத்தானே கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாச்சு."

நியாயமான பேச்சு. யாரும் குறை சொல்ல முடியாத பேச்சு. கேட்டில் இருக்கும் டேப்லெட் தினமும் மூன்று மணிக்குப் பட்டியலை இறக்கிக்கொள்ளும். மூன்று மணிக்கு அப்புறம் எதைத் திருத்தினாலும் நாளைக்குத்தான் கேட்டுக்குப் போகும். இன்றைக்கு ஒரு நாள் அவன் பேர் பச்சையாக இருக்கும். அவனாகத் திருடவில்லை. மேடமே எடுத்துக் கையில் கொடுக்கிறார்.

"சரி மேடம்," என்றான்.

கொழுந்தன் பேரை எடுத்தான். அரை நிமிஷ வேலை. அப்புறம் அதே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாவது வரிக்குக் கீழே நாலாவது வரி. எந்த நேரமானாலும் போன் செய்யச் சொன்ன அம்மா. டியூஷன் மாஸ்டர் இன்றைக்கு வருவாரா நாளைக்கு வருவாரா என்று எந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும்?

"மேடம், நாளைக்கு வேண்டாம்," என்றான். "பதினொண்ணையும் இன்னைக்கே எடுத்துடலாம். மூணு மணிக்குள்ள."

"அவசரத்துல தப்பா யாரையாவது எடுத்துட்டா?"

"ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணிக் கேட்டுட்டு எடுக்கறோம். ஆமான்னா எடுக்கறோம். இல்லைன்னா விடறோம்."

மேடம் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார். "உங்களுக்கு நல்லா இருக்கில்ல தம்பி? முகம் ஒரு மாதிரி இருக்கே."

"சாப்பிடல. அவ்வளவுதான்."

சோதனை பட்டியலை இரண்டாகப் பிரித்தாள். "மீதி பத்து இருக்கு. மேல அஞ்சு எனக்கு, கீழ அஞ்சு உங்களுக்கு. ஏழுலேர்ந்து நீங்க ஆரம்பிங்க."

இப்படித்தான் ஏழாவது வரி அவன் பங்கில் விழுந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளுக்குத் தள்ளியிருக்கலாம். தள்ளினால் சோதனை போன் பண்ணுவாள், மறுமுனையில் இருப்பவள் ஆமாம் என்பாள், சோதனை பேரை எடுத்துவிடுவாள். தன் பங்கிலேயே வைத்துக்கொண்டால் போனே செய்யாமல் 'இல்லை என்றார்கள்' என்று எழுதிவிடலாம். அந்த எண்ணம் வந்ததும் அவனுக்குத் தன்னை நினைத்தே கூசியது. கூசியும் அது போகவில்லை. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று மற்ற நாலு வீட்டையும் முதலில் கூப்பிட்டான். மூன்று வீட்டில் ஆமாம் என்றார்கள். ஒன்பதாவது வீட்டில் ஓர் அப்பா, "ஐயோ, எங்க மாமியாரையா எடுத்தேன்? தெரியாம அழுத்தியிருப்பேன் சார். விட்டுடுங்க, இல்லைன்னா நான் வீட்டுக்கே போகமுடியாது," என்றார். அந்த வரி தப்பியது.

மணி இரண்டு இருபத்தைந்து.

போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனான். அங்கே அச்சகத்தின் காகித மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மூன்றாவது மணியில் மனைவி எடுத்தாள்.

"சொல்லுங்க. வேலையில இருக்கேன்."

"நானும் வேலையாத்தான் பேசறேன்," என்றான். "ஸ்கூல் ஃபாரத்துல ஒருத்தர் பேரை எடுத்திருக்கே. சிஸ்டம் கோளாறுல அது எடுபடல. வேணும்னேதான் எடுத்தியான்னு ஒவ்வொரு வீட்டுலயும் கேட்டு உறுதி பண்ணிட்டிருக்கோம்."

மறுமுனையில் யாரோ மேஜை இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் இடம் மாறி வந்து பேசினாள்.

"எடுபடலையா?"

"இல்ல."

"அப்ப இன்னைக்கு நீங்க போயிருந்தா கேட்டுல விட்டிருப்பாங்களா?"

"விட்டிருப்பாங்க."

"நான் தங்கச்சியை வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு பேரும் கேட்டுல நின்னு இழுத்திருப்பீங்க, பிள்ளை நடுவுல நின்னு பாத்திருப்பா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கேட்டுல சிவப்பு காட்டி, அங்க நின்னுதான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

"உங்ககிட்ட எத்தனை தடவ சொல்றது? சொன்னா சரின்னுவீங்க. சரின்னு சொன்னதோட உங்க வேலை முடிஞ்சுடும்." அவள் குரலை உயர்த்தவில்லை. "அதுக்கு முந்தின புதன்கிழமை வரவே இல்ல. போன புதன்கிழமை அஞ்சேகாலுக்கு வந்தீங்க. எல்லாப் பிள்ளையும் போயாச்சு. கேட்டக்கா அவளோட உட்கார்ந்து புளியங்கொட்டை வச்சு விளையாடிட்டிருந்தாங்களாம். வீட்டுக்கு வந்து என்ன சொன்னா தெரியுமா? அப்பா பாவம்மா, அப்பாவைத் திட்டாதேன்னு. ஏழு வயசுப் பிள்ளை உங்களுக்காக வக்காலத்து வாங்குது."

"வராத அன்னைக்கு இந்த ஃபாரம்தான் படுத்துக்கிடந்துச்சு. நாப்பத்து மூணு குடும்பம்..."

"தெரியும். எப்பவும் ஏதாவது ஒரு ஃபாரம்."

நாற்பத்து மூன்று குடும்பத்தைச் சரிபண்ணினவனுக்கு நாற்பத்து நாலாவது குடும்பம் எது என்று தெரியாமல் போய்விட்டது. கீழே யாரோ ஒரு காகித மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் சுவரோடு ஒதுங்கி வழி விட்டான்.

"நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு," என்றான் கடைசியில். "ஆமாவா, இல்லையா? ஆமான்னா எடுத்துடணும். இல்லைன்னா விட்டுடலாம். மூணு மணிக்குள்ள செய்யணும்."

இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று அவன் ஒரு நிமிஷம் நம்பினான்.

"ஆமா," என்றாள்.

"சரி."

"இந்த சரியும் அந்த சரிதானா?"

"இல்ல. எடுத்துட்டு மெசேஜ் அனுப்பறேன்."

"நீங்க என்கிட்ட கேக்காமயே விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சிருக்காது."

அவள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நாற்பதுக்கு ஃபாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தான். சோதனையின் ஐந்து வீடுகளிலும் ஆமாம் என்றிருந்தார்கள். கடைசியாக ஏழாவது வரிக்கு வந்தான். திரை வழக்கம்போல, 'நிச்சயமாக நீக்கலாமா?' என்று கேட்டது. அந்தக் கேள்வியை எழுதியதும் அவன்தான். ஒரு காலத்தில் அவசரக்காரர்களுக்காக எழுதியது. அழுத்தினான். எண் போயிற்று. மனைவிக்கு ஒரே வார்த்தையில் செய்தி அனுப்பினான்: 'எடுத்தாச்சு.'

பிறகு படிவத்தையே திருத்தினான். அப்பெண்ட் அப்படியே இருக்கட்டும். இனி நீக்கு பொத்தானை அழுத்தினால் வரி மறையாது. மங்கலாகிக் குறுக்கே ஒரு கோடு விழும். நீக்கு என்ற குறியோடு அந்த வரியும் கூடவே வந்து சேரும். அப்படிக் குறியோடு வந்த பேரை மட்டும் அழிக்க வேண்டும். வராமல் போனதை வைத்து இனி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. சோதனை பக்கத்திலேயே உட்கார்ந்து பேர்களைச் சேர்த்து, நீக்கி, பாதியில் நிறுத்தி, இணைப்பைத் துண்டித்து, ஒரு பேயைப் போல அதைச் சோதித்தாள். இரண்டு ஐம்பத்தாறுக்குப் புது நிரல் ஏறியது. மூன்று மணிக்குக் கேட் டேப்லெட் பட்டியலை இறக்கிக்கொண்டது.

"தம்பி, நீங்க நேரா ஸ்கூலுக்குப் போய் கேட்டுல நின்னு பாத்துட்டு வாங்க," என்றார் மேடம். "இன்னைக்கு ஏதாவது ஆச்சுன்னா போன்ல பதில் சொல்ல முடியாது."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "சரி மேடம்," என்றுதான் வந்தது.

பள்ளிக்கூடக் கேட்டில் மூன்று இருபதுக்கே கூட்டம் கூடியிருந்தது. கேட்டக்கா ஸ்டூலில் உட்கார்ந்து டேப்லெட்டை மடியில் வைத்திருந்தார். பெரிய உடம்பு, கழுத்தில் விசில். அவனைப் பார்த்ததும் சிரித்தார். "பாப்பாவுக்கு இன்னைக்கு அதிர்ஷ்டம்தான். சார் மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க."

"வேலையா வந்தேன்க்கா. டேப்லெட் சரியா இருக்கான்னு பாக்கணும்."

மணி அடித்தது. பேர் சொல்ல, எண் சொல்ல, பச்சை, பச்சை, பச்சை. நடுவில் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிய ஒரு ஆள் வந்து நின்றார். வலைப் பையில் புதுக் கால்பந்து ஒன்று தொங்கியது. எண்ணைச் சொன்னார். சிவப்பு.

"நேத்து பச்சை காட்டுச்சு, இன்னைக்கு சிவப்பு காட்டுது. இது என்ன டிராஃபிக் சிக்னலா?"

"உங்க பேர் லிஸ்ட்டுல இல்லைங்க," என்றார் கேட்டக்கா.

"என் அண்ணன் பையன்மா. நான் தோள்ல தூக்கி வளர்த்த பையன். அண்ணனும் இல்ல, பாக்கவும் கூடாதுன்னா எப்படி?" அந்த ஆள் ஃபாரத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க யாருங்க? ஸ்கூல் ஆளா?"

"கம்ப்யூட்டர் வேலை."

"அப்ப நீங்கதான் எடுத்தீங்களா?"

"அவங்க அம்மா எடுத்தாங்க. நான் அதை நடக்க வச்சேன்."

ஃபாரம் ஒரு கெட்ட ஆளை எதிர்பார்த்து வந்திருந்தான். இந்த ஆள் கெட்டவரா நல்லவரா என்று அவனால் சொல்ல முடியவில்லை. நேற்று அந்தப் பையன் ஏன் அழுதான் என்பதும் தெரியாது. உள்ளே மரத்தடியில் ஒரு பையன் அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அந்த ஆள் சற்று நேரம் பார்த்துவிட்டு, பந்தைக் கேட்டக்காவிடம் கொடுக்கப் போனார். கேட்டக்கா வாங்கவில்லை. பந்தோடு அந்த ஆள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அப்போதுதான் மகள் வந்தாள். பையை ஒரு தோளில் மட்டும் மாட்டிக்கொண்டு ஓடி வந்து, கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அப்பா, நீ சீக்கிரம் வந்துட்ட."

"வந்துட்டேன்டா."

"அம்மா சித்தி வருவாங்கன்னு சொன்னாங்க. நான் நீதான் வருவேன்னு சொன்னேன். பாரு, நான் சொன்னதுதான் சரி."

கேட்டக்கா எண்ணைக் கேட்காமலே கேட்டைத் திறக்கப் போனார். பழக்கத்தில் ஒரு கை டேப்லெட்டில் அவன் எண்ணைத் தட்டியது. சிவப்பு விழுந்தது. அவர் மறுபடி தட்டினார். மறுபடி சிவப்பு.

"என்ன சார் இது, உங்களுக்கே சிவப்பு காட்டுது? இன்னும் கோளாறு போகலையா?"

"கோளாறு இல்லக்கா. சரியாத்தான் காட்டுது."

கேட்டக்கா அவன் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. எத்தனையோ வீட்டுக் கதை அந்தக் கேட்டு வழியாகப் போய் வருகிறது. குரலைத் தாழ்த்தி, "சித்தியை இன்னும் காணோம். பாப்பாவுக்கு உங்களைத் தெரியாதா? கூட்டிட்டுப் போங்க சார், நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்," என்றார்.

கேட் அரை அடி திறந்திருந்தது. மகள் அந்த இடைவெளியில் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். சின்னக் கை, சாக்பீஸ் பொடி ஒட்டிய கை. இழுத்தால் வந்துவிடுவாள்.

"வேண்டாம்க்கா," என்றான். "இல்லாத பேருக்குத் திறக்காதீங்க. எனக்கும் திறக்காதீங்க."

கேட்டக்கா கேட்டைச் சாத்தினார். கை மட்டும் கம்பிக்கு நடுவில் இருந்தது.

"ஏம்ப்பா திறக்கல?" என்றாள் மகள்.

"இன்னைக்கு நீ சித்தியோட போகணும். அப்பா வேலையா வந்திருக்கேன்."

"உன் வேலை எங்க ஸ்கூல்லயா?"

"இன்னைக்கு மட்டும்."

"அப்ப உன் வேலை முடியற வரைக்கும் நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன். எனக்குப் பழக்கம்தான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கேட்டக்கா டேப்லெட்டைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

பத்து நிமிஷம் கழித்து மனைவியின் தங்கை ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு மூச்சு வாங்க வந்தாள். அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "மாமா, நீங்க... அக்கா உங்ககிட்ட..."

"தெரியும்மா. நம்பரைச் சொல்லு. பின்னால ஆள் நிக்கறாங்க."

அவள் எண்ணைச் சொன்னாள். பச்சை. கேட் திறந்தது. மகள் வெளியே வந்து, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப அடுத்த புதன்கிழமை நீ வருவேல்ல?"

வருகிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அத்தனை சுலபமான வார்த்தை. சொன்னால் அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

"தெரியலடா," என்றான். "அம்மாகிட்ட கேக்கணும். அம்மா சரின்னு சொன்னாத்தான் வர முடியும்."

"அம்மா வேண்டாம்னு சொன்னா?"

"அப்ப அதையும் நானே வந்து உன்கிட்ட சொல்றேன்."

அவள் முகம் சுருங்கியது. அழவில்லை. சட்டையை விட்டுவிட்டுச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்ததும் திரும்பிப் பார்ப்பாள் என்று அவன் நின்றான். அவள் முன்னால் பார்த்தபடியே போனாள்.

"சார்," என்றார் கேட்டக்கா, அடுத்த ஆளின் எண்ணைத் தட்டிவிட்டு. "இது சிவப்பு. டியூஷன் மாஸ்டராம். என்ன சொல்லட்டும்?"

ஃபாரம் அந்தப் பக்கம் திரும்பினான்.